பொதுத்தொகையும் தனிக்காதும்: இசைச் செயலிகளின் வருவாய்ப் பங்கீடு பற்றிப் போளூர் வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

போளூர், ஆரணி வட்டாரத்துத் தறி வீடுகளில் வானொலிப் பெட்டி இருந்த இடத்தில் இன்று கைப்பேசி இருக்கிறது. கையும் காலும் தறியில் இருக்க, காதுக்குப் பாட்டு ஓடுகிறது. பெரும்பாலும் காசில்லாமல், இடையிடையே விளம்பரத்தோடு. இத்தகைய கேட்பாளர்களை நம்பித்தான் இந்திய இசைச் செயலிகள் வளர்ந்தன. ஆனால் அவர்கள் விரும்பிக் கேட்கும் கலைஞருக்கு அதனால் வருவாய் சேர்வதில்லை. இலவசமாகக் கேட்கும் பழக்கமே காரணம் என்பது துறையினர் சொல்லும் விளக்கம். எல்லோரும் சந்தா கட்டினாலும் இந்த நிலை பெரிதாக மாறாது, கோளாறு பங்கீட்டு முறையிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொலைபேசி நிறுவனங்களின் செயலிகள் பாட்டை விற்றுப் பிழைக்க வந்தவை அல்ல. 2014இல் ஏர்டெல் தொடங்கிய விங்க்குக்கும், 2018இல் ஜியோ மியூசிக்கும் சாவனும் இணைந்து உருவான ஜியோசாவனுக்கும் முதல் வேலை, சிம் கார்டு வாடிக்கையாளரைக் கைநழுவாமல் வைத்திருப்பது. ரீசார்ஜ் செய்தால் பாட்டு, பிடித்த பாட்டே காலர் ட்யூன் என்பதுதான் விளம்பரமும் வியாபாரமும். அந்தத் தேவை தளர்ந்ததும் செயலி நிலைக்காது. 2024இல் விங்க் மூடப்பட்டது; ஏர்டெல் தன் வாடிக்கையாளருக்கு ஆப்பிள் மியூசிக்கைக் காட்டியது. டைம்ஸ் குழுமம் 2010இல் தொடங்கிய கானாவோ கோடிக்கணக்கான கேட்பாளர்களைத் திரட்டியது. 2022இல் சந்தா மட்டும் என்று மாறியது. 2023 இறுதியில் அதே குழுமத்தின் வானொலி நிறுவனத்துக்கு 25 லட்சம் ரூபாய்க்குக் கைமாறியது. கேட்பாளர் தொகை வேறு, வருவாய் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். ஒரு நாளுக்கு மட்டும் 13 ரூபாய் கட்டும் வசதியும் இருந்தது. சின்னச் சின்னதாக ரீசார்ஜ் செய்து பழகியவர்களுக்குப் பொருத்தமான உத்தி அது. வருவாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்குப் போவதாக அந்நிறுவனம் சொல்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. அந்தத் தொகை எப்படிப் பிரிகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். சந்தாக்கள் எல்லாம் ஒரே பொதுத்தொகையாகச் சேர்ந்து, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் உள்ள விகிதப்படி பிரிகின்றன. இரண்டே சந்தாதாரர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 80 ரூபாய் வீதம் 160 ரூபாய் பங்குக்கு வருகிறது. ஒருவர் மாதம் 90 முறை தெருக்கூத்துப் பாட்டு மட்டும் கேட்கிறார். மற்றவர் கடையில் நாளெல்லாம் திரைப்பாட்டை ஓடவிட்டு 910 கேட்புகள் சேர்க்கிறார். ஒரு கேட்புக்கு 16 காசு. கூத்துக் கலைஞருக்கு 14 ரூபாய் 40 காசு கிடைக்கிறது. அவருக்காகவே கட்டப்பட்ட 80 ரூபாயில் மீதி, அந்த ரசிகர் ஒருமுறைகூடக் கேட்காத பாட்டுக்குப் போய்விடுகிறது. பாவு வாங்கும்போதே சேலைக்கு என்ன கூலி என்று நெசவாளிக்குத் தெரியும். பாடியவருக்கோ மற்றவர்கள் என்ன கேட்டார்கள் என்ற கணக்கு முடிந்த பிறகுதான் தன் கூலி தெரியும்.

கூத்துக்கு இதைவிடப் பெரிய அநீதி கால அளவில் இருக்கிறது. முப்பது விநாடி ஓடினால் ஒரு கேட்பு. மூன்று நிமிடத் திரைப்பாட்டும் ஒன்று, நாற்பது நிமிடம் நீளும் கூத்துப் பகுதியும் ஒன்று. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை காத்துவரும் கலை, விடிய விடிய நடப்பது. அதை மூன்று நிமிடத் துண்டுகளாக நறுக்கினால்தான் காசு என்று சொல்லும் கணக்கு, கலையின் வடிவத்தையே திருத்துகிறது. போதாக்குறைக்கு, 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பதிவுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை பதிவு ராயல்டி தருவதில்லை. போலிக் கேட்புகளையும் சில்லறைத் தொகைகளையும் தடுக்கவே இந்த வரம்பு என்கிறார்கள். அந்தப் பணம் மிச்சமாவதில்லை, மற்றப் பதிவுகளுக்குப் போகிறது. ராயல்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் பரிந்துரையில் முன்னிறுத்தும் திட்டமும் அந்நிறுவனத்தில் 2020இலேயே வந்தது. விளம்பரச் செலவு கலைஞர் தலையில் ஏறுவது இப்படித்தான்.

புகழ் வந்தால் பணம் தானே வரும் என்பவர்கள் 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி'யை நினைத்துப் பார்க்க வேண்டும். உலகெங்கும் ஒலித்த அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசாவும் வரவில்லை என்று மூன்றாண்டுகளுக்குப் பின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். செயலிக்கும் கலைஞருக்கும் நடுவில் எத்தனை கைகள் என்பது தனி ஆய்வுக்குரியது. 2012 பதிப்புரிமைத் திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் எழுதிக்கொடுத்துவிட முடியாத ராயல்டி உரிமையைத் தந்தது. ஆனால் பங்கு எதிலிருந்து, எந்த விகிதத்தில் கணக்கிடப்பட வேண்டும் என்பதைச் செயலிகளின் ஒப்பந்தங்களே முடிவு செய்கின்றன.

அவரவர் சந்தா அவரவர் கேட்ட கலைஞருக்கே என்ற மாற்றுமுறையைப் பிரான்சின் தேசிய இசை மையம் ஆராய்ந்து 2021இல் அறிக்கை வெளியிட்டது. செவ்வியல் இசைக்குக் கூடும், ராப் இசைக்குக் குறையும், சிறு கலைஞர்களுக்குச் சராசரியாகச் சில யூரோக்களே சேரும் என்பது அதன் முடிவு. மாற்றம் வீண் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சராசரியை வைத்து ஒரு வட்டாரத்தின் கலையை எடைபோட முடியாது. சிறிய, விசுவாசமான ரசிகர் கூட்டம் உள்ள கூத்துக்கு இம்முறையால் வரும் வித்தியாசத்தை அந்தச் சராசரி காட்டாது. 1,000 கேட்பு வரம்பை நீக்குவதும், கேட்ட நேரத்தைக் கணக்கில் எடுப்பதும் இன்றே செய்யக்கூடியவை. அதற்கான தரவு செயலிகளிடம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் அடுத்து திருத்தத்துக்கு வரும்போது, தமிழ் இசைக் கலைஞர்களின் சங்கங்கள் திரையிசையோடு நில்லாமல் இந்தக் கோரிக்கைகளையும் எழுத்தில் வைக்க வேண்டும்.