பொரித்த எண்ணெயில் பறந்த விமானம்... 'கிரீன் ஃபிளைட்' நிஜமா, விளம்பரமா?

ஆன்லைனில் ஃபிளைட் டிக்கெட் புக் பண்ணும்போது, பணம் கட்டும் பக்கத்துக்குச் சற்று முன்னால் ஒரு குட்டிப் பெட்டி வரும், கவனித்திருக்கிறீர்களா? 'கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுகட்டலாம்' என்று பச்சை இலை படத்தோடு கேட்கும். சிலர் டிக் பண்ணுவோம். பலர் கண்டுக்காமல் கீழே ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடுவோம். அந்தக் காசு எங்கே போகிறது, அதனால் நிஜமாகவே ஏதாவது குறைகிறதா என்ற கேள்வி, நெதர்லாந்தில் கோர்ட் படியே ஏறியது. அதில் மாட்டியது கே.எல்.எம். 1919-ல் தொடங்கி, அதே பெயரில் இன்றும் பறந்துகொண்டிருக்கும் உலகின் மிகப் பழைய விமான நிறுவனம். சுவாரஸ்யம் என்னவென்றால், சுற்றுச்சூழலுக்காக நிஜமாகவே பல வேலைகளை முன்கூட்டியே ஆரம்பித்த நிறுவனமும் இதுதான்.

முதலில் பிரச்னையின் சைஸைப் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். 'ஒரு கிலோ எப்படிங்க மூணு கிலோ ஆகும்?' என்று கேட்கலாம். எரிபொருளில் இருக்கும் கார்பன், காற்றில் இருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. போயிங் 787 மாதிரியான ஒரு பெரிய விமானம், ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக 5 டன் எரிபொருள் குடிக்கும். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவிகிதம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால், உலக மக்களில் பெரும்பாலானவர்கள் ஒரு வருடத்தில் ஒருமுறைகூட விமானம் ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, காரைப்போல பேட்டரிக்கு மாறிவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஒரே எடையை எடுத்துக்கொண்டால், விமான எரிபொருளில் இருக்கும் சக்தி இன்றைய லித்தியம் பேட்டரியில் இருப்பதைப்போல 40 மடங்குக்கும் மேல். கடல் தாண்டிப் போகும் அளவுக்கு பேட்டரியை ஏற்றினால், விமானம் ரன்வேயை விட்டு எழும்பாது!

எடையைக் குறை, காசும் மிச்சம்

அதனால் ஏர்லைன்கள் முதலில் கைவைப்பது எடையில்தான். 2018-ல் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம், சீட்டில் வைக்கும் பத்திரிகையைக் கொஞ்சம் மெல்லிய தாளில் அச்சிட்டது. ஒரு பிரதிக்குக் குறைந்தது வெறும் 28 கிராம். அதனால் மிச்சமாகும் என்று அவர்கள் சொன்ன எரிபொருள், வருடத்துக்குச் சுமார் 6.4 லட்சம் லிட்டர். அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பைலட்டுகள் தூக்கிச் சுமந்த 16 கிலோ கையேட்டுப் பையை எடுத்துவிட்டு, 2013-ல் ஐபேட் கொடுத்தது. தரையில் ஓடும்போது ஒரே இன்ஜினை மட்டும் ஓடவிடுவது, இறக்கை நுனியை மேல்நோக்கி வளைப்பது என்று இன்னும் நிறைய இருக்கிறது. டெல்லியில் 2019-ல் ஏர் இந்தியா விமானம் ஒன்றை, இன்ஜினைப் போடாமலே 'டாக்ஸிபாட்' என்ற இழுவை வண்டி ரன்வே பக்கம் கொண்டுபோய் விட்டது.

கே.எல்.எம். செய்த பெரிய வேலை, பழைய விமானங்களை மாற்றியது. நான்கு இன்ஜின் கொண்ட ஜம்போ 747 விமானங்களைப் பயணிகள் சேவையிலிருந்து 2020-ல் எடுத்துவிட்டு, இரண்டு இன்ஜின் விமானங்களுக்குப் போனது. இதெல்லாம் பூமி மேல் உள்ள பாசத்தால் மட்டும் நடப்பதல்ல. ஏர்லைன் செலவில் எரிபொருள் பில்தான் பெரிய தலைவலி. கார்பனும் குறைந்து காசும் மிஞ்சும் இடத்தில் யாரும் சண்டை போடுவதில்லை. காசு கூடுதலாகச் செலவாகும் இடத்தில்தான் நிஜமான பரீட்சை.

சமையல் எண்ணெய் டு பாரிஸ்

அந்த இடம் எரிபொருள். 2011 ஜூன் 29 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸுக்கு 171 பயணிகளோடு ஒரு கே.எல்.எம். விமானம் கிளம்பியது. டேங்கில் வழக்கமான எரிபொருளோடு, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து தயாரித்த எரிபொருளும் கலந்திருந்தது. பஜ்ஜி சுட்ட எண்ணெயை அப்படியே ஊற்றுவதில்லை. ஹைட்ரஜனோடு வினைபுரியவைத்து, அதிலிருக்கும் ஆக்சிஜனை நீக்கி, விமான எரிபொருளைப் போன்ற திரவமாக மாற்றுகிறார்கள். இந்த வகை எரிபொருளுக்குத்தான் 'எஸ்.ஏ.எஃப்' என்று பெயர்.

இதுவும் எரிந்தால் அதே அளவு கார்பன் வரத்தான் செய்யும். வித்தியாசம் என்னவென்றால், அந்தக் கார்பன் பூமிக்கடியிலிருந்து தோண்டியெடுத்தது இல்லை. எண்ணெய் தந்த செடி, கொஞ்ச காலம் முன்பு காற்றிலிருந்து இழுத்துக்கொண்டது. உற்பத்தியிலிருந்து எரிப்பது வரை மொத்தமாகக் கணக்கிட்டால், 80 சதிவிகிதம் வரை குறையலாம் என்கிறார்கள்.

அப்படியென்றால் எல்லா விமானத்திலும் ஊற்றலாமே? உலகத்தில் அவ்வளவு பழைய எண்ணெய் இல்லை. விலையும் சாதாரண எரிபொருளைவிட இரண்டிலிருந்து ஐந்து மடங்கு. முதல் பயணம் முடிந்து பத்து வருடம் கழித்து, 2022 ஜனவரியில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பும் விமானங்களில் எஸ்.ஏ.எஃப் கலப்பதாக கே.எல்.எம். அறிவித்தது. எவ்வளவு தெரியுமா? 0.5 சதவிகிதம். அதாவது 1,000 லிட்டருக்கு 5 லிட்டர். அதற்கே எகானமி டிக்கெட்டில் தூரத்தைப் பொறுத்து 1 முதல் 12 யூரோ வரை ஏற்ற வேண்டியிருந்தது.

கோர்ட் என்ன சொன்னது?

2019-ல், தன் நூற்றாண்டு வருடத்தில், 'பொறுப்போடு பறப்போம்' என்று கே.எல்.எம். ஒரு பிரசாரம் தொடங்கியது. 'நேரில் சந்தித்தே ஆக வேண்டுமா, ரயிலில் போகலாமா?' என்று ஒரு ஏர்லைனே பயணிகளிடம் கேட்டது. தைரியம்தான்! ஆனால், அதைச் சுற்றி வந்த மற்ற விளம்பரங்கள்தான் வம்பை இழுத்தன. 'சி.ஓ.2 ஜீரோ' என்ற பெயரில் காடு வளர்ப்புக்கோ எஸ்.ஏ.எஃப்-க்கோ பணம் கொடுத்தால் பயணத்தின் பாதிப்பு சரியாகிவிடும் என்ற தொனி அதில் இருந்தது.

ஃபோசில்ஃப்ரை என்ற சூழல் அமைப்பு 2022-ல் வழக்குப் போட்டது. 2024 மார்ச் 20 அன்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆராய்ந்த 19 விளம்பர வாசகங்களில் 15, வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துபவை. மரம் நடுவதும் எஸ்.ஏ.எஃப்-ம் பாதிப்பை ஓரளவுக்கு மட்டுமே குறைக்கின்றன, ஆனால் விளம்பரம் காட்டும் படம் ரொம்பவே அழகாக இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். அபராதம் இல்லை. பறப்பதை விளம்பரம் செய்யவும் தடையில்லை. சொல்வதை நேர்மையாகவும் குறிப்பாகவும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த விளம்பரங்களைத் தாங்கள் ஏற்கெனவே நிறுத்திவிட்டதாக கே.எல்.எம். சொன்னது.

இதில் எனக்குப் படுவது, வாக்குறுதிகளைவிடச் சட்டம் வேகமாக வேலை செய்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2025 முதல் விமான நிலையங்களில் தரும் எரிபொருளில் 2 சதவிகிதம் எஸ்.ஏ.எஃப் கட்டாயம். 2030-ல் 6, 2050-ல் 70 சதவிகிதம் என்று ஏறிக்கொண்டே போகும். நம் ஊரிலும் 2018-ல் டேராடூனிலிருந்து டெல்லிக்கு, காட்டாமணக்கு எண்ணெயில் தயாரித்த எரிபொருள் கலந்து ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானம் பறந்திருக்கிறது. சர்வதேச விமானங்களுக்கு 2027-ல் 1 சதவிகிதம், 2028-ல் 2 சதவிகிதம் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது.

ஆக, அடுத்த முறை அந்தப் பச்சைப் பெட்டி வந்தால், டிக் பண்ணுவதற்கு முன் அதன் விவரத்தைத் திறந்து பாருங்கள். பணம் போவது எரிபொருளுக்கா, மரத்துக்கா? எரிபொருள் என்றால் எத்தனை லிட்டர், எத்தனை சதவிகிதம்? மரம் என்றால் எந்த ஊரில், யார் சரிபார்க்கிறார்கள்? எண்ணே இல்லாமல் இலை படம் மட்டும் இருந்தால் தாராளமாக ஸ்க்ரோல் பண்ணலாம். அதைவிட, இரண்டு ஃபிளைட் மாறிப் போவதற்குப் பதில் நேரடி ஃபிளைட்டைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதிகம் மிச்சப்படுத்தும், ஏனென்றால் மேலே ஏறும்போதுதான் இன்ஜின் அதிகம் குடிக்கிறது. பிசினஸ் கிளாஸ் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ஒரு சீட் பிடிக்கும் இடத்தில் எகானமியில் இரண்டு மூன்று பேர் உட்காரலாம். கார்பன் கணக்கும் அதே விகிதத்தில்தான் பிரியும்.