ஜென்சர்வர்

ஜென்சர்வர் என்பது ஒரே வழங்கிக் கணினியில் பல இயக்குதளங்களைத் தனித்தனியே இயங்கச் செய்யும், நிறுவனங்களுக்கான மெய்நிகராக்க மென்பொருள் ஆகும். இதன் உட்கரு, ஜென் என்னும் திறமூல ஹைப்பர்வைசர்.

ஜென், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் பிறந்தது. இயன் பிராட் தலைமையிலான குழு 2003இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. உலகெங்கும் உள்ள கணினிகளில் எவரும் கட்டணம் செலுத்தித் தம் நிரலை இயக்கலாம் என்னும் 'ஜெனோசர்வர்' திட்டமே இதன் தாய். கிரேக்க மொழியில் 'ஜெனோஸ்' என்றால் அந்நியர், விருந்தினர் என இரு பொருளும் உண்டு. (தமிழிலும் 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பது பழைய பொருள்.) ஜென் பௌத்தத்துடன் இதற்குத் தொடர்பில்லை.

அக்காலத்து இன்டெல் வகைச் செயலிகள் மெய்நிகராக்கத்துக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. விருந்தினராக இயங்கும் இயக்குதளம் சில கட்டளைகளை இட்டால், செயலி பிழை என்று அறிவிக்காமலே தவறான விளைவைத் தந்துவிடும். விஎம்வேர் நிறுவனம் அக்கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. கேம்பிரிட்ஜ் குழுவோ இயக்குதளத்தின் கருவையே திருத்தியது. ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளலாம். குடியிருப்பவர் தாமே வீட்டுக்காரர் என்று எண்ணிக்கொள்ளாமல், தேவையானதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெறுகிறார். வட்டு, வலையமைப்பு போன்ற பொதுச் சாதனங்களின் சாவி, 'டொமைன் 0' எனப்படும் மூத்த குடித்தனக்காரரிடம் இருக்கும். இதனால் வேகம் அதிகம் குறையவில்லை. ஆனால் மூலநிரல் திறந்திருந்த லினக்சைத் திருத்தியதுபோல் விண்டோசைத் திருத்திப் பரப்ப வழியில்லை. செயலிகளிலேயே மெய்நிகராக்க வசதி வந்த பிறகு, 2005 டிசம்பரில் வெளியான ஜென் 3.0 இக்குறையைத் தீர்த்தது.

2006இல் அமேசான் தன் மேகக் கணிமைச் சேவையை ஜென்னின் மேல் தொடங்கியது. ஆய்வாளர்கள் நிறுவிய ஜென்சோர்ஸ் நிறுவனத்தைச் சிட்ரிக்ஸ் 2007இல் சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கியது. ஜென்சர்வருக்கு 2009இல் இலவசப் பதிப்பு வந்தது. 2013இல் ஜென் திட்டம் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் சென்றது. அதே ஆண்டு ஜென்சர்வரும் முழுமையாகத் திறமூலம் ஆனது.

2017 டிசம்பரில் வெளியான 7.3 பதிப்பில் நிலைமை மாறியது. இலவசப் பதிப்பிலிருந்து பல வசதிகள் நீக்கப்பட்டன. ஒரு தொகுதியில் 3 வழங்கிகளுக்கு மேல் சேர்க்க முடியாது என்று வரம்பும் வந்தது. நான்காவது வழங்கியைச் சேர்க்க வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும் அல்லது வேறு மென்பொருளுக்கு மாற வேண்டும். சிட்ரிக்ஸ் தன் பொருளுக்கு விலை வைத்ததைக் குறை சொல்ல இயலாது. ஆயினும் இலவசத்தை நம்பித் தம் வேலையை அதன்மேல் கட்டியவர்களுக்கு அது பேரிடி.

மூலநிரல் திறந்திருந்ததால் மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. பிரான்சின் வேட்ஸ் நிறுவனம் 2018இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, அந்த மூலநிரலிலிருந்தே எக்ஸ்சிபி-என்ஜி என்னும் கிளையை உருவாக்கியது. நீக்கப்பட்ட வசதிகள் அதில் கட்டணமின்றிக் கிடைத்தன. ஜென்சர்வர், இடையில் சிட்ரிக்ஸ் ஹைப்பர்வைசர் எனப் பெயர் மாறி, பின்னர் பழைய பெயருக்கே திரும்பியது. போட்டியாளர்களான இரண்டுக்கும் ஜென்னே இன்றும் அடித்தளம்; அதில் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் இரண்டுக்கும் வந்து சேர்கின்றன.