நூறு பேர் அடையாளம் சொன்ன ஆள்

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் ஒருவர் வந்து தோளில் கைபோட்டு, "என்னைத் தெரியுதா?" என்றார். சுத்தமாகத் தெரியவில்லை. ஆனா முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல முடியுமா? "ஏன் தெரியாம, திருச்சி சித்தப்பா வீட்டுல பார்த்தோமே" என்று இழுத்தேன். "அதேதான்!" என்றார். பந்தி முடிவதற்குள் சின்ன வயதில் அவரோடு விளையாடியதுகூட ஞாபகம் வந்துவிட்டது. கை கழுவும்போதுதான் உறைத்தது: திருச்சி, சித்தப்பா எல்லாம் நான் எடுத்துக்கொடுத்தது. அவர் சொன்னது "அதேதான்" மட்டும்.

இங்கிலாந்தின் டிச்போர்ன் வழக்கைப் படித்தபோது அந்தக் கல்யாணம்தான் நினைவுக்கு வந்தது.

ரோஜர் டிச்போர்ன் பணக்காரக் குடும்பத்து வாரிசு. பாரிஸில் வளர்ந்ததால் பிரெஞ்சுதான் முதல் மொழி. ஒல்லியான ஆள். 1854-ல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கிளம்பிய 'பெல்லா' கப்பலோடு காணாமல் போனார். அம்மா மட்டும் நம்பவில்லை. மகனைத் தேடிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் வாகா வாகா ஊரிலிருந்து ஒரு கசாப்புக்காரர் "நான்தான் அது" என்று எழுதினார். 1867 ஜனவரியில் பாரிஸில் சந்திப்பு. வந்தவர் குண்டு ஆள், பிரெஞ்சு ஒரு வார்த்தை வராது, இளமைக் காலம் பாதி நினைவில்லை. அம்மா பார்த்த மாத்திரத்தில் மகன் என்றார். அவன் எல்லாவற்றையும் கனவில் போலக் குழப்பிக்கொள்கிறான், அவன் சொல்வதும் எனக்குத் தெரிந்ததும் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் என் மகன்தான் என்ற பொருளில் கடிதமும் எழுதினார். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பதிமூன்று வருஷம் காத்திருந்த தாய்.

அதற்கப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். வந்தவர், ரோஜர் இருந்த படைப்பிரிவின் பழைய சிப்பாய்கள் இருவரை வேலைக்கு வைத்துக்கொண்டார். அவர்களிடம் கேட்ட கதைகளை அடுத்து வரும் சிப்பாயிடம் சொன்னால், "இது ரோஜருக்குத்தானே தெரியும்!" என்று அவர் அசந்துபோவார். அவரும் போகிற போக்கில் இரண்டு கதை சொல்லிவிட்டுப் போவார். அது மூன்றாவது ஆளுக்கு ஆதாரம். நாலு பேர் சேர்ந்து சதி செய்யவே தேவையில்லை, ஒவ்வொருவரும் நல்ல மனசோடு தன் பங்கைப் போட்டாலே போதும்.

1871 மே மாதம் சிவில் வழக்கு லண்டனில் தொடங்கியது. எதிர்த்தரப்பு உண்மையில் ஐந்து வயசுப் பையன் ஒருவன், ரோஜருடைய தம்பி மகன். பையனுடைய சொத்து, பட்டம் இரண்டுமே பணயத்தில். அம்மா 1868-லேயே இறந்துவிட்டார். ஆனாலும் சுமார் நூறு பேர் கூண்டேறி "இவர்தான் ரோஜர்" என்றார்கள். பையன் தரப்பு வக்கீல் ஜான் டியூக் கோல்ரிட்ஜின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். நூறு பேரையும் பொய்யர் என்றால் எந்த ஜூரி சும்மா இருக்கும்? இறந்துபோன தாயைப் பழித்தால் இன்னும் மோசம்.

அவர் சாட்சிகளின் நினைவை விட்டுவிட்டு, வந்தவரின் நினைவைப் பிடித்தார். "இதைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா?" என்றே கேள்விகளைத் தொடங்கினார். ஊரெல்லாம் அதைக் கேலியாகச் சொல்லித் திரிந்தது. என் கணிப்பில் அது கெட்டிக்கார வாக்கியம். கேள்வியின் தொனியிலிருந்து விடை எந்தப் பக்கம் என்று ஊகிக்கவே முடியாது. என்னைப்போல யாரும் எடுத்துக்கொடுக்காதபோது அந்த ஆள் தடுமாறினார். லத்தீன் எது, கிரேக்கம் எது என்று குழம்பினார். வேதியியல் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ரோஜர் விரும்பிய உறவுக்காரப் பெண்ணைத் தான் கெடுத்ததாகவும் கோர்ட்டில் சொல்லிவைத்தார். வழக்குக்கு அது துளியும் உதவவில்லை, கோர்ட்டில் பரபரப்புதான் மிஞ்சியது.

கோல்ரிட்ஜ் கையில் இருநூறுக்கு மேல் சாட்சிகள் இருந்தார்கள். பெரும்பாலோர் தேவைப்படவில்லை. ரோஜரோடு பள்ளியில் படித்த பெல்யூ பிரபு வந்து, அவன் கையில் பச்சை குத்தியிருந்தது, அதில் எழுத்துகளை நானே குத்தினேன் என்றார். வந்தவர் கையில் அப்படி எதுவும் இல்லை. 1872 மார்ச் 4-ம் தேதி, கேட்டது போதும் என்று ஜூரி சொல்லிவிட்டது. பச்சையை மட்டும் வைத்தா என்று நீதிபதி போவில் விசாரித்தார்; இல்லை, எல்லாவற்றையும் வைத்துத்தான் என்றார்கள்.

இதைத்தான் நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். பெல்யூ சொன்னதும் பழைய நினைவுதானே? நூறு பேர் நினைவைவிட ஒருவர் நினைவு எப்படிக் கனத்தது? பிரபு என்பதால் மரியாதை கொஞ்சம் கூடியிருக்கலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அடையாளம் சொன்னார்கள். இவர் தன் கையால் செய்த ஒரு காரியத்தைச் சொன்னார். 'அதேதான்' என்று சொல்லி அதைச் சமாளிக்க முடியாது.

வந்தவர் பொய்ச்சாட்சிக் குற்றத்தில் கைதாகி, அடுத்த வழக்கில் 14 ஆண்டு தண்டனை பெற்றார். அப்போதும் ஜனங்கள் அவர் பக்கம்தான், பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1895-ல் தான் ரோஜர் இல்லை என்று ஒரு பத்திரிகையில் ஒப்புக்கொண்டு, உடனே அதையும் மறுத்தார். 1898 ஏப்ரல் 1 அன்று வறுமையில் இறந்தார். சவப்பெட்டியின்மேல் 'சர் ரோஜர் டௌட்டி டிச்போர்ன்' என்று எழுதிய அட்டையை வைக்க, அவரை எதிர்த்து வழக்காடிய அந்தக் குடும்பமே அனுமதி கொடுத்தது.