கொயோட்டிகள் எத்தனை?

காலையில் மணி அடித்து வருகைப் பதிவேட்டைத் திறந்தால், பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். தோட்டத்துப் பெரட்டிலும் அப்படித்தான். கிராணியார் பேர் கூப்பிட்டு முடித்தால் ஆள் கணக்கும் முடிந்தது. ஆனால் கூப்பிட்டால் வராத, ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருக்கிற, மனிதனைக் கண்டதும் புதருக்குள் மறைகிற விலங்கை எவ்வாறு எண்ணுவது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கொயோட்டி என்னும் விலங்கைப் பற்றி இக்கேள்வி எழுந்தது. விடை கிடைக்குமுன்னரே அவ்விலங்குகள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டன என்பதுதான் இவ்வரலாற்றின் துயரமான பகுதி.

கொயோட்டி ஓநாய்க்கு உறவு. உருவில் அதனினும் சிறியது. 1804 ஆம் ஆண்டில் மேற்கு நோக்கிச் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினர் இதனைப் ‘புல்வெளி ஓநாய்’ என்று குறித்தனர். 1823 இல் தாமஸ் சே என்னும் இயற்கை நூலறிஞர், குரைப்பது என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். பின்னர் புல்வெளிகளில் ஆட்டுமந்தைகள் பெருகின. ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் செல்வதாகக் கொயோட்டிமீது பழி விழுந்தது. அது முழுப் பொய்யுமன்று. 1915 இல் அந்நாட்டுக் காங்கிரஸ் கொன்றுண்ணும் விலங்குகளை ஒழிக்கப் பணம் ஒதுக்கியது. 1931 இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. துப்பாக்கி, பொறி, நஞ்சு என எல்லாம் கையாளப்பட்டன.

இத்தனை கொலைக்கும் அடிப்படையாக இருந்த எண்ணிக்கை எது? பெரும்பாலும் செத்த விலங்குகளின் எண்ணிக்கையே! இவ்வாண்டு அதிகம் கொன்றோம், ஆகவே அதிகம் இருக்கின்றன என்றனர். மறு ஆண்டு குறைவாகக் கிடைத்தால், நம் வேலை பலித்தது என்றனர். நம் தோட்டமொன்றில் எலி வாலுக்கு ஐந்து காசு என்று அறிவித்தால், வந்து குவியும் வால்கள் எலிகளின் தொகையைக் காட்டுமா, பிடிப்போரின் ஊக்கத்தைக் காட்டுமா? பிணக் கணக்கு வேட்டைக்காரனின் உழைப்பை அளக்கும். காட்டில் உயிரோடிருப்பவற்றை அளக்காது. இந்த எளிய உண்மை அலுவலகங்களுக்கு எட்ட வெகுகாலம் பிடித்தது.

சரியான வழிக்கு வித்திட்டவர் மீன் ஆராய்ச்சியாளர் ஒருவர். டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர்சன் என்பார் 1890களில் மீன்களுக்கு அடையாளமிட்டுக் கடலில் விட்டுத் திரும்பப் பிடித்துப் பார்த்தார். 1930 இல் அமெரிக்கரான ஃபிரெடரிக் லிங்கன், காலில் வளையமிட்ட வாத்துகளைக் கொண்டு இதே முறையில் வாத்துகளின் தொகையைக் கணித்தார். இதனை என் வகுப்பில் ரப்பர் கொட்டைகளால் செய்து காட்டுவதுண்டு. ஒரு டின் நிறையக் கொட்டைகள். நாற்பதை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, திரும்பப் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு கண்ணை மூடி ஐம்பதை எடுத்தால், அவற்றில் எட்டு சுண்ணாம்பு பட்டவை என்று வைத்துக்கொள்வோம். நாற்பதை ஐம்பதால் பெருக்கி எட்டால் வகுத்தால் 250. டின்னைக் கொட்டி எண்ணிப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் கொட்டைக்குப் புத்தியில்லை, கொயோட்டிக்கு உண்டு. ஒருமுறை பொறியில் சிக்கி விடுபட்டது எளிதில் மறுமுறை சிக்குவதில்லை. அதனால் கணக்குப் பிழைத்து, உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். எனவே விலங்கை விட்டுவிட்டு அதன் தடயங்களைத் தேடினர். அபாயச் சங்கை ஊதி, பதிலுக்கு எழும் ஊளைகளைக் கேட்டு மதிப்பிட்டோர் உண்டு. ஆனால் இரண்டு கொயோட்டிகள் ஊளையிட்டாலே ஒரு கூட்டம் போல ஒலிக்கும். 1972 முதல் மேற்கத்திய மாநிலங்களில் வாசனைத் தடங்கள் அமைக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு மைலில் மூன்றிலொரு பங்குக்கு ஓரிடமாக, வரிசைக்கு ஐம்பது இடங்கள். ஒவ்வொன்றிலும் சலித்த மண்ணை வட்டமாகப் பரப்பி, நடுவே நாற்றமடிக்கும் பொருளை வைத்து, விடிந்ததும் கால் தடம் பார்ப்பார்கள். மழையும் காற்றும் தடத்தை அழித்துவிடும். ஒரே விலங்கு பல வட்டங்களை மிதித்துச் செல்லும். போன ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்பதை இம்முறை ஓரளவு சொல்லும். சதுர மைலுக்கு எத்தனை என்பதைச் சொல்லாது.

அதற்கு ஒரு மதிப்பீட்டை 1972 இல் ஃபிரெடரிக் நோல்ட்டன் வெளியிட்டார். கொயோட்டி வாழும் பெரும்பகுதியில் சதுர மைலுக்கு அரை முதல் ஒன்று வரை. மிக வளமான இடங்களில் ஐந்து, ஆறு. கடுமையாக வேட்டையாடப்படும் இடங்களில் பெண் விலங்குகள் அதிகக் குட்டிகள் ஈனுவதையும் அவர் காட்டினார். 1975 இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கானலியும் லாங்ஹர்ஸ்ட்டும் கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஆண்டுதோறும் நூற்றுக்கு எழுபத்தைந்தைக் கொன்றாலும் இனத்தை அழிக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும் என்று தெரிந்தது. அறுபது ஆண்டுகளாகக் கொட்டிய பணமும் நஞ்சும் எங்கே போயின என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? இதற்கிடையில் கொயோட்டி நாட்டின் கிழக்குக் கரைவரை பரவியிருந்தது.

1999 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி பழைய முட்டுக்கட்டையை வேறு வழியில் கடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு அருகிலுள்ள சாந்தா மோனிகா மலைகளில் 651 எச்சங்களைப் பொறுக்கினர். அவற்றில் கொயோட்டியுடையவை என்று உறுதியான 115 இன் மரபணுவை ஆராய்ந்தபோது, முப்பது தனித்தனி விலங்குகள் அடையாளம் காணப்பட்டன. கண்ணில் படாதவற்றையும் சேர்த்து 38 என்று கணித்தனர். பிழைக்கு இடம்விட்டு, 36 முதல் 40 வரை. பொறியுமில்லை, சுண்ணாம்பு அடையாளமுமில்லை. ஒவ்வொரு விலங்கும் தன் பெயரைத் தானே எழுதி வழியில் போட்டுவிட்டுச் சென்றிருந்தது. ஆனால் அந்த 38 அந்த மலைக்கும் அந்தப் பருவத்துக்கும் மட்டுமே உரியது. வசந்தத்தில் குட்டிகள் பிறந்ததும் மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.