அண்ணாமலைச் சீமையில் திண்ணையும் மானியமும்

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் பள்ளி வரலாற்றைத் தேடுபவர் இரண்டு ஜில்லாக்களின் கோப்புகளைப் புரட்டியாக வேண்டும். திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென்னார்க்காட்டில் இருந்தது. வந்தவாசி, போளூர் பக்கமெல்லாம் வடார்க்காடு. 1822 ஜூனில் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். தென்னார்க்காடு 875 பள்ளிகளைக் காட்டியது; வடார்க்காடு 630. மாகாணம் முழுவதற்கும் 12,498. இவற்றில் மிகப் பெரும்பாலானவை சர்க்கார் காசைக் கண்ணால் பார்த்திராத திண்ணைப் பள்ளிக்கூடங்கள்.

வசதியான ஒருவர் வீட்டுத் திண்ணை, ஒரு வாத்தியார், அவருக்குத் துணையாக ஒரு சட்டாம்பிள்ளை. பள்ளிக்கூடம் என்றால் அவ்வளவுதான். பையன் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்குப் போவான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஒருபுறம், எண்சுவடி மறுபுறம். எண்சுவடியின் கணக்கு முந்திரியிலிருந்து, அதாவது 320இல் ஒரு பங்கிலிருந்து தொடங்கும். நெல்லிலக்கமும் குழிமாற்றும் மனப்பாடமானவன் களத்துமேட்டில் நின்றபடியே நெல்லளவையும் நிலப்பரப்பையும் கணக்கிட்டுச் சொல்வான். வெறும் உருப்போடல் என்று பின்னாளில் வந்த அதிகாரிகள் இதை இளக்காரம் செய்தார்கள். நினைவாற்றலே இங்கே கணக்குப் போடும் கருவியாக இருந்ததை கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில்பாபுவின் ஆய்வுகள் விளக்குகின்றன. வாத்தியாருக்குச் சம்பளம் மாதக் காசாகவும் அறுவடை நெல்லாகவும் நவராத்திரி வரும்படியாகவும் வந்தது. அவர் பதில் சொல்ல வேண்டியது பிள்ளையைப் பெற்றவர்களுக்கு மட்டும்.

மன்றோவின் கணக்கை 1983இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் வரலாற்று ஆய்வாளர் தரம்பால். தென்னார்க்காட்டில் படித்த பையன்களில் 84 விழுக்காட்டுக்கு மேல் சூத்திரரும் 'பிற சாதியாரும்' என்று அவர் எடுத்துக்காட்டியபோது, பழைய கல்வி பிராமணரின் தனிச்சொத்து என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. ஆனால் அந்த எண்ணை ஊதிப் பெருக்குபவர்கள் அதன் உட்கூறைப் பார்ப்பதில்லை. 'பிற சாதிகள்' அதில் சிறு பங்கு, பெண்குழந்தைகள் பெயரளவுக்கே. திண்ணை வீட்டுக்காரருடையது. அங்கே யார் ஏறி உட்காரலாம் என்பதை அவருடைய தெருவே முடிவு செய்தது.

மன்றோ 1826இல் தாசில்தாரி பள்ளிகளைத் திட்டமிட்டார். ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய். அடுத்த ஆண்டே அவர் காலராவில் இறந்தார். 1836இல் திட்டமும் கைவிடப்பட்டது. 1854ஆம் ஆண்டு உட்ஸ் கல்வி அறிக்கைக்குப் பிறகுதான் உண்மையான மாற்றம் வந்தது. அரசு திண்ணையை இடிக்கவில்லை, மானியம் கொடுத்தது. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் புகுத்திய முறையைப் போலவே, பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பணம். இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார். அச்சிட்ட பாடநூலும் சிலேட்டும் வருகைப் பதிவேடும் நுழைந்தன. எண்சுவடி மெல்ல ஓரங்கட்டப்பட்டது. வாத்தியார் ஊரைப் பார்ப்பதை விட்டு இன்ஸ்பெக்டர் வரும் வழியைப் பார்க்கத் தொடங்கினார். என் கணிப்பில், காலனியக் கல்வி இந்தச் சீமையில் வேர் பிடித்தது புதுக் கட்டடங்களால் அல்ல, இந்தக் கணக்குவழக்கால்தான். அந்த முறையைக் கைவிடச் சொல்லி வைஸ்ராய் கர்சனின் தீர்மானம் வந்தது 1904இல். அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது.

1886இல் திருவண்ணாமலை நகராட்சியானது. டேனிஷ் லுத்தரன் மிஷனும் தென்னார்க்காட்டுக் கிராமங்களைத் தாண்டி இந்நகரில் பள்ளி நடத்தியது. அந்த மிஷனுக்கு இங்கே அடித்தளமிட்டவர்களில் ஒருவரான கார்ல் ஓக்ஸ், சாதிப் பிரச்சினையில் லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு விலகியவர் என்பது தற்செயலான தகவல் அல்ல. திண்ணையில் இடம் மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு முதலில் திறந்த கதவுகளில் மிஷன் பள்ளியும் ஒன்று. 1893இல் சென்னை அரசு, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை பிறப்பித்தது. அதனால் தனிப் பள்ளிகள் கூடின. பொதுப் பள்ளியின் வாசல் அப்படியே இருந்தது.

எங்கே இடித்தது என்பதை அரசே ஒப்புக்கொள்ள 1919 ஆனது. அக்கிரகாரத்திலும் கோயிலையொட்டியும் சாவடியிலும் நடக்கும் பொதுப் பள்ளிகளை, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வந்துபோகக்கூடிய இடத்துக்கு மாற்றச் சொல்லி அவ்வாண்டு உத்தரவு போட்டார்கள். மறு ஆண்டு வந்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்விக்கு வழிசெய்தது. ஆனால் அதை அமல்படுத்துவதா என்ற முடிவையும் அதற்கான கல்வி வரியையும் உள்ளூர் மன்றங்களின் கையில் விட்டது. அந்த மன்றங்களில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் திண்ணை வைத்த வீட்டுக்காரர்கள்.