கேள்விக்குறிக்குப் பின்னால்

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை, தொடக்கத்தில் பலருக்குப் பயன்பட்டது சக ஊழியரின் தொலைபேசி எண்ணைத் தேடத்தான். அந்தக் காலத் தேடலில் படிவம் எதுவும் இல்லை. தட்டிய சொற்கள் முகவரியின் கடைசியில், ஒரு கேள்விக்குறிக்குப் பிறகு போய் உட்காரும். இரண்டு சொல் என்றால் நடுவில் ஒரு கூட்டல் குறி. இந்தக் கூட்டல் குறி பின்னால் செய்யப்போகும் சேட்டையை அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1993இல் மொசைக் உலாவி படிவங்களைக் காட்டத் தொடங்கியது. பெட்டிகள் பலவானதும் ஒவ்வொன்றுக்கும் பெயர் தேவைப்பட்டது: ?பெயர்=வள்ளி&ஊர்=மதுரை. இதைப் பிரித்துப் படிப்பது சர்வரின் பாடு. பெர்ல் நிரலாளர்கள் அதற்கென லிங்கன் ஸ்டைன் எழுதிய நிரலகத்தை நம்பியிருந்தார்கள்.

1995 மே மாதம் பத்தே நாளில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். நெட்ஸ்கேப் 2 உலாவியில் வந்த அந்த மொழி, கேள்விக்குறி முதல் உள்ள சரத்தை அப்படியே கையில் கொடுத்தது. பிரித்துத் தரவில்லை. விளைவு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஆளாளுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதினார்கள்: '&' வரும் இடத்தில் வெட்டு, பிறகு '=' வரும் இடத்தில் வெட்டு.

பத்து வரி நிரலை ஒரே வரியில் அடக்கும் ஆசை அங்கே பிறந்தது. அதில் வேடிக்கையானது 'ரீப்ளேஸ்' தந்திரம். சரத்தில் எதையும் மாற்றும் எண்ணமே கிடையாது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சிக்கும் ஒவ்வொரு பெயர்-மதிப்பு இணைக்கும் உள்ளே கொடுத்த ஃபங்ஷன் ஒருமுறை ஓடும், அதுதான் வேண்டியது. விடையாக வரும் சரத்தை யாரும் சீந்துவதில்லை. சாமர்த்தியம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவர் பாவம்.

வரி சுருங்கச் சுருங்க, ஏதாவது ஒன்று உதிர்ந்தது. மதிப்புக்குள்ளேயே '=' இருந்தால் வால் அறுந்தது. 1999இல் தரப்படுத்தப்பட்ட 'டிகோட்யூஆர்ஐகம்போனன்ட்' ஃபங்ஷன், முகவரியில் எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கும் சதவீதக் குறிகளை மட்டுமே அவிழ்க்கும். கூட்டல் குறி இடைவெளியாக மாறாமல் அப்படியே நிற்கும். அதற்கு முந்தைய 'அன்எஸ்கேப்' தமிழுக்கு இன்னும் மோசம். யூடிஎஃப்-8 முறையில் 'அ' மூன்று பைட். முகவரியில் ஒன்பது குறிகள். அன்எஸ்கேப் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொள்ள, ஒரு 'அ' மூன்று கிறுக்கல்களாக வெளியே வரும்.

உலாவிகளே இந்த வேலையை ஏற்றுக்கொண்டது தாமதமாகத்தான். யூஆர்எல்செர்ச்பேரம்ஸ் 2014இல் ஃபயர்ஃபாக்ஸிலும் 2016இல் குரோமிலும் 2017இல் சஃபாரியிலும் வந்தது. இப்போது ஒரே வரி போதும். கூட்டல் குறியையும் தமிழையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆனாலும் சுருக்கும் ஆசை ஓயவில்லை. 2019இல் தரத்தில் சேர்ந்த 'ஃப்ரம்என்ட்ரீஸ்' மூலம் அதைச் சாதாரண ஆப்ஜெக்ட்டாக மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. ?நிறம்=சிவப்பு&நிறம்=பச்சை என்று வந்தால், யூஆர்எல்செர்ச்பேரம்ஸின் 'கெட்' முதல் மதிப்பான சிவப்பைத் தரும்; மாற்றிய ஆப்ஜெக்ட்டில் பச்சை மட்டும் இருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் 'கெட்ஆல்' என்று கேட்க வேண்டும்.