‘போ’ வந்த வழி

போளூர் என்று எழுத நமக்கு மூன்று எழுத்து. போனுக்கு ஆறு குறிகள்: ப, ஓகாரக் குறி, ள, ஊகாரக் குறி, ர, புள்ளி. கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூருக்கும் அப்பால் இருக்கும் அந்த ஊரிலிருந்து ஒருவர் வடுகபட்டி கமிஷன் கடைக்கு ‘போளூர்ப் பூண்டு ரெண்டு மூட்டை’ என்று வாட்ஸாப் அனுப்புகிறார் என்று வையுங்கள். மலை இறங்கிப் போவது குறிகள்தான். அவை எழுத்தாக உருவெடுப்பது கடைக்காரர் போனில்.

ஓகாரக் குறியை இரண்டாகப் பிளந்து, இரட்டைக்கொம்பைப் பகரத்துக்கு முன்னும் துணைக்காலைப் பின்னும் நிறுத்த வேண்டும். ளகரத்தோடு ஊகாரத்தை ஒட்டி ஒரே வடிவமாக்க வேண்டும். புள்ளியை ரகரத்தின் தலையில் ஏற்ற வேண்டும். ஆண்ட்ராய்டில் இந்த வேலை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்துடையது. எந்தச் செயலியும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசு கிடையாது.

அதன் பிறந்தகம் ஃப்ரீடைப். எழுத்துருவைத் திரையில் வரைய 1996-இல் டேவிட் டர்னர் தொடங்கிய திறந்த மூல நிரல். அதன் ஒரு பகுதி தனியே பிரிந்து, ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் கையில் புதிதாக எழுதப்பட்டு ஹார்ஃப்பஸ் ஆனது. பெயரும் பாரசீகம்: ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. 1.0 பதிப்பு 2015-இல் வந்தது. ஃபயர்பாக்ஸ், குரோம், லிப்ரேஆபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது. 2010 வாக்கில் ஆண்ட்ராய்டு வாங்கியவர்களுக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்த தமிழ் நினைவிருக்கும். நம் கொம்புக்கும் காலுக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகச் செலவழித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

எழுத்து வந்த வழியில் ஓட்டையும் வரும். 2020 அக்டோபரில் ஃப்ரீடைப்பில், எழுத்துருவுக்குள் பொதிந்த படத்தைப் படிக்கும் இடத்தில் ஒரு பிழை. குரோம் வழியே தாக்குதல் தொடங்கிவிட்டிருந்தது. கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழு சொன்னதும் ஓரிரு நாளில் அடைத்தார்கள். (மூடிய நிரல் பத்திரம் என்பவர்களுக்கு: 2018 பிப்ரவரியில் ஐபோன் செயலிகளை முடக்கியது ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து. அது ஆப்பிளின் சொந்த நிரல்.)

2025 மார்ச்சில் மறுபடி ஃப்ரீடைப். 2.13.0 வரையிலான பதிப்புகளில் ஓட்டை, தாக்குதலுக்குப் பயன்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் எச்சரித்தது. வேடிக்கை என்னவென்றால், 2023-லேயே வந்த அடுத்த பதிப்பில் அந்த ஓட்டை இல்லை. பழைய பிரதியை உள்ளே வைத்துக்கொண்டவர்கள் புதியதை எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டுக்கான திருத்தம் மே மாதத் தொகுப்பில் வந்தது.

கூகுள் கொடுத்தால் போதாது. போன் செய்த நிறுவனமும் அதை அனுப்ப வேண்டும். அண்ணன் கைமாற்றித் தந்த பழைய போனுக்கு அனுப்ப யாரும் இல்லை. கமிஷன் கடைக்காரரிடம் இருப்பது அப்படியொரு போன் என்றால், ‘போளூர்ப் பூண்டு ரெண்டு மூட்டை’ அதில் கொம்பும் காலும் பிசகாமல்தான் தெரியும். செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால், கடைசியாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்த வருஷம் 2022 என்று நிற்கும்.